மரத்தில் கறையா? தேய்க்குமுன் ஒரு நிமிடம்!

பெருநாளைக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் இவையெல்லாம் நம் கண்ணில் படும். சாப்பாட்டு மேசையில், நோன்புக் கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம். முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில் வாசனைப் போத்தல் நின்ற அடையாளம். பிள்ளை மருதோன்றி காயுமுன் கையை ஊன்றிய கதிரைச் சட்டத்தில் ஒரு செம்மஞ்சள் அப்பல். அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று நகர்த்தினால் அதன் முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி.

விருந்தாளிகள் வரப் போகிறார்கள். உடனே என்ன செய்கிறோம்? சவர்க்காரத் தூளைக் கரைத்து, பாத்திரம் தேய்க்கும் கம்பித் தும்பை எடுத்து, பலம் கொண்ட மட்டும் தேய்க்கிறோம். கால் மணித்தியாலத்தில் கறை போய்விடும். கறையோடு சேர்ந்து பொலிஷும் போய்விடும். பழைய வட்டம் இருந்த இடத்தில், அதைவிடப் பெரிய, வெளுத்த, சொரசொரப்பான இன்னொரு வட்டம் இருக்கும். அதற்கு மருந்து வீட்டில் இல்லை. தச்சு பாஸைத்தான் கூப்பிட வேண்டும்.

உம்மும்மா காலத்துத் தேக்கு அலுமாரியோ, பலா மரக் கட்டிலோ வீட்டில் இருந்தால் அதன் பெறுமதி உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட முற்றிய மரத்தை இன்று காசு கொடுத்தாலும் இலகுவில் வாங்க முடியாது. ஆகவே சகோதரியே, தேய்க்குமுன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடிக்கொள்ளுங்கள். மரத்தின் மேல் பூசப்பட்டிருப்பது என்ன? கறை அந்தப் பூச்சில் நிற்கிறதா, மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டதா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மேற்பூச்சை அறிந்துகொள்வது எப்படி?

வீட்டில் நாம் தொடுவது பெரும்பாலும் மரத்தையல்ல. அதன் மேலுள்ள மெல்லிய பூச்சைத்தான். பழைய சாமான்களில் பெரும்பாலும் பிரெஞ்சு பொலிஷ் இருக்கும். அரக்குப் பூச்சியிலிருந்து கிடைக்கும் செல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது அது. கண்ணாடி மாதிரி மினுங்கும். ஆனால் மிகவும் மென்மையானது. சூட்டுக்கும் ஆகாது, ஸ்பிரிட்டுக்கும் ஆகாது. அதன் பிறகு வந்தது துப்பாக்கியால் விசிறி அடிக்கும் லக்கர். இப்போது கடைகளில் வாங்கும் சாமான்களில் பொலியூரித்தேன் போன்ற கடினமான வார்னிஷ்களும் உண்டு. சில மரங்களில் ஒன்றுமே பூசாமல், வெறும் எண்ணெயோ மெழுகோ மட்டும் தேய்த்திருப்பார்கள்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மேசையின் அடிப்பக்கம், கதிரைக் காலின் உட்புறம் என்று யாருக்கும் தெரியாத ஓர் இடத்தைத் தெரிந்தெடுங்கள். ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் மரம் அதைக் குடித்துவிட்டால் அங்கே பூச்சு இல்லை, அல்லது தேய்ந்து போய்விட்டது என்று பொருள். தண்ணீர் முத்தாக நின்றால், அதைத் துடைத்துவிட்டு, பஞ்சில் சிறிது ஸ்பிரிட் தொட்டு அதே இடத்தில் வையுங்கள். பஞ்சு ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறம் இறங்கினால் அது பிரெஞ்சு பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் கடினமான வார்னிஷ். அதன் மேல் கறை அவ்வளவு எளிதில் உள்ளே இறங்காது, நீங்கள் கொடுத்து வைத்தவர்.

இன்றைய வீடுகளில் இன்னொரு வகையும் நிறைய இருக்கிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மரக்கோடு அச்சடித்த மெலமைன் தாள் ஒட்டியது. பார்வைக்கு மரம், உள்ளே மரமில்லை. இதைச் சுரண்டவோ, சேன்ட் பேப்பர் போடவோ கூடாது. மேல்தாள் கிழிந்தால் திருத்த வழியில்லை. விளிம்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகை ஊதிப் போகும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் வைத்தியங்கள் உண்மையான மரத்துக்கு.

வெள்ளை வட்டமும் கறுப்பு வட்டமும்

இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே போதும். வெள்ளையாக இருந்தால் ஈரம் பூச்சுக்குள் மாட்டியிருக்கிறது. கறுப்பாக இருந்தால் ஈரம் பூச்சையும் கடந்து மரத்துக்குப் போய்விட்டது. முதலாவது பயப்படத் தேவையில்லாதது. இரண்டாவது பொறுமை கேட்பது.

சுடுபாத்திரத்தின் ஆவியோ, குளிர்ந்த ஷர்பத் கிளாசின் வியர்வையோ பூச்சுக்குள் நுண்ணிய துளிகளாகப் புகுந்து நிற்கும்போது, மூச்சு விட்ட கண்ணாடி மங்குவது மாதிரி அந்த இடம் மங்கிப்போகிறது. அவ்வளவுதான் அந்த வெள்ளை வட்டம். எனவே புதிதாக விழுந்த வட்டத்துக்கு முதல் மருந்து, ஒன்றும் செய்யாமலிருப்பது. விரிப்பை எடுத்துவிட்டு, காற்றுப்பட ஒன்றிரண்டு நாள் விடுங்கள். பல வட்டங்கள் தாமாகவே மறைந்துவிடும்.

மறையவில்லையா? தலைமயிர் உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துப் பிடியுங்கள். அது இல்லாதவர்கள் அயனைப் பயன்படுத்தலாம். நீராவி வராதபடி அதிலுள்ள தண்ணீரை ஊற்றிவிட்டு, மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள். வட்டத்தின் மேல் உலர்ந்த பருத்திச் சீலையை இரண்டாக மடித்துப் போட்டு, ஐந்தாறு விநாடி மட்டும் அயனை ஓட்டி, சீலையைத் தூக்கிப் பாருங்கள். மீண்டும் ஒரு முறை. மீண்டும் பாருங்கள். அவசரப்பட்டு அயனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகக்கூடாது. பிரெஞ்சு பொலிஷ் சூட்டுக்கு இளகும். சீலையின் இழை அப்படியே அதில் பதிந்துவிடும்.

சூடு வைக்கப் பயமாக இருந்தால் வாசலின் இருக்கிறது. இரவில் வட்டத்தின் மேல் தடித்துப் பூசிவிட்டு, காலையில் சுபஹுக்குப் பின் துடைத்தெடுங்கள். அதற்கும் அசையாத பழைய வட்டத்தை மிக மெதுவாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பழைய ஆட்கள் விறகடுப்புச் சாம்பலைச் சீலையில் சலித்து, இரண்டொரு துளி எண்ணெயில் குழைத்து, விரலில் சுற்றிய துணியால் மரத்தின் கோடு போகும் திசையில் தேய்ப்பார்கள். இன்று விறகடுப்பு இல்லாத வீட்டில் வெள்ளைப் பற்பசை அதே வேலையைச் செய்யும். ஜெல் வகை உதவாது. சாம்பலாயினும் பற்பசையாயினும் அதிலுள்ள நுண்துகள்கள் பூச்சின் மேற்தோலை ஒரு சிறிது சீவுகின்றன. எனவே மினுக்கம் சற்றுக் குறையும். வட்டம் போனதும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்ற ஆசைதான் மேசையைக் கெடுக்கும்.

இனிக் கறுப்பு. பூச்சாடிக்குக் கீழே, ஜன்னல் படியில், ஆணியைச் சுற்றி, துருப்பிடித்த தகர டின் நின்ற இடத்தில் இது வரும். இதை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் தோற்றுப் போவார்கள். ஏனென்றால் இது அழுக்கே இல்லை. மரத்தில் இயற்கையாகவே இருக்கும் டனின் என்ற துவர்ப்புப் பொருள், இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு சாயம். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கடுஞ்சாயத் தேநீரில் துருப்பிடித்த ஆணியொன்றை ஓர் இரவு போட்டு வையுங்கள், காலையில் மை மாதிரிக் கறுத்திருக்கும். தேயிலையிலுள்ளதும் டனின் வகைதான். முற்காலத்தில் ஐரோப்பாவில் கிதாபுகள் எழுதிய கறுப்பு மை இதே முறையில், கருவாலி மரத்துக் காய்களையும் இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் தயாரிக்கப்பட்டது. நூற்றாண்டுகள் அழியாமல் நின்ற மையைச் சவர்க்காரம் அழிக்குமா?

அதனால்தான் கம்பித் தும்பை மரத்தில் உபயோகிக்க வேண்டாம் என்கிறோம். அதன் நுண்ணிய இரும்புத் துகள் மரத்தின் துவாரங்களில் தங்கிவிடும். அடுத்த மழைக்காலத்தில் அங்கே புள்ளி புள்ளியாகக் கறுப்புத் தோன்றும்.

இந்தக் கறையை எடுப்பது ஒக்சாலிக் அமிலம். ஹாட்வெயார் கடையில் வெள்ளைப் பளிங்குத் தூளாகக் கிடைக்கும். நமது கொல்லைப்புறத்துப் பிலிங்காயின் புளிப்பிலும் இதுவேதான் நிறைய இருக்கிறது. சட்டையில் பட்ட துருக்கறைக்குப் பிலிங்காய் தேய்ப்பது வழக்கமல்லவா? பூச்சில்லாத மரத்தில் ஒரு சல்லிக் காசளவு கறுப்பு என்றால் முதலில் பிலிங்காயை நசுக்கி அந்தச் சாற்றை வைத்துப் பாருங்கள். அரை மணித்தியாலம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிட்டு, தேவையானால் மறுபடியும் வையுங்கள்.

பெரிய கறைக்குத் தூளையே கரைக்க வேண்டியிருக்கும். ஆனால் கேளுங்கள், இது நஞ்சு. வயிற்றுக்குள் போனால் உயிராபத்து. சீனி மாதிரி, உப்பு மாதிரி இருக்கும் இந்தத் தூளைக் குசினிப் பக்கமே கொண்டுவராதீர்கள். மீதியைப் பழைய பால்மா டின்னிலோ ஜாம் போத்தலிலோ போட்டு வைக்காதீர்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன நேரத்தில், விறாந்தையில் அல்லது முற்றத்தில், ரப்பர் கையுறையும் வாய் மூக்கு மறைக்கும் துணியும் அணிந்துகொண்டு செய்யுங்கள். ஒரு லீற்றர் சுடுநீருக்குச் சுமார் 50 கிராம் போதும். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் ஆகாது. கறையுள்ள இடத்தில் பூச்சு இருந்தால் அமிலம் மரத்தைத் தொடாது, ஆகவே முதலில் பூச்சை நீக்கியாக வேண்டும். கறைக்கு மட்டும் பூசாமல் அந்தப் பலகை முழுவதற்கும் பூசுங்கள். இல்லாவிட்டால் கறை இருந்த இடம் வெளுத்துத் தனியாகத் தெரியும். காய்ந்ததும் நல்ல தண்ணீரால் மூன்று முறையாவது துடைத்தெடுங்கள். அதற்குமுன் ஒருபோதும் சேன்ட் பேப்பர் போடாதீர்கள், அந்தத் தூள் சுவாசத்தில் போகும். நன்றாக இரண்டு நாள் உலர்ந்த பிறகே பொலிஷ்.

இவ்வளவு பாடா என்று மலைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அலுமாரியின் மேல்தட்டில், யாரும் பார்க்காத இடத்தில் உள்ள கறுப்பை விட்டுவிடுவதே புத்தி. அது மரத்தைத் தின்னாது. ஈரம் வரும் வழியை மட்டும் அடைத்துவிடுங்கள்.

மஞ்சள், மருதோன்றி, வெற்றிலை, மை

மஞ்சள் கறைக்குச் சவர்க்காரம் போட்டவர்கள் அது சிவப்பாக மாறியதைக் கண்டு திடுக்கிட்டிருப்பீர்கள். மஞ்சளின் குணம் அது. சுண்ணாம்போ சவர்க்காரமோ போன்ற காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே கறிக்குழம்பு சிந்திய மேசையில், முதலில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெயைச் சீலையில் தொட்டுத் துடையுங்கள். மஞ்சள் சீலைக்கு வரும். பிறகு இளஞ்சூட்டு நீரில் பிழிந்த துணியால் எண்ணெயை எடுத்துவிடுங்கள். எஞ்சிய நிழலுக்குச் சூரியன் போதும். மஞ்சளின் சாயத்தை வெயில் அழித்துவிடும். வெட்டுப் பலகை, அகப்பை போன்றவற்றை முற்பகல் வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெளுக்கும். மேசையை முற்றத்துக்குத் தூக்க முடியாதுதான். ஜன்னலோரம் திருப்பிப் போடலாம்.

மருதோன்றிக்கு இந்தச் சலுகையில்லை. விழுந்த உடனே, காயுமுன், ஈரச் சீலையால் ஒற்றி எடுப்பதே வழி. பூச்சுள்ள மரமாயின் பெரும்பாலும் தப்பிவிடும். பூச்சில்லாத மரத்தில் ஊறிவிட்டால், பாமஸியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைப் பஞ்சில் நனைத்துச் சில மணித்தியாலம் மேலே வைத்துப் பார்க்கலாம். மங்கும், முழுவதும் போகுமென்று நம்பியிருக்க வேண்டாம். மரத்தின் நிறமும் சற்று வெளுக்கும். கல்யாண வீட்டில் மருதோன்றி வைக்கும் அன்று கதிரைகளுக்குப் பழைய துவாய் விரித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

வெற்றிலைத் தட்டம் இருந்த மேசையின் கதை வேறு. பாக்கில் துவர்ப்பு, சுண்ணாம்பில் காரம். இரண்டும் மரத்தைக் கறுக்கச் செய்யும். சுண்ணாம்பு பட்ட இடத்தை வினாகிரி கலந்த தண்ணீரால் ஒரு முறை துடைத்து உடனே உலர்த்துங்கள். காரம் முறிந்துவிடும். காரம் எந்த மரத்துக்கும் ஆகாது, குறிப்பாகப் பலாவுக்கு. பௌத்த துறவிகளின் காவி ஆடைக்குச் சாயம் எடுக்கப் பயன்பட்டது பலா மரத்தின் வைரம்தான். அவ்வளவு சாயம் உள்ள மரத்தில் சலவைச் சோடாவை ஊற்றினால் நிறம் மாறாமல் என்ன செய்யும்?

பிள்ளைகளின் போல்பொயின்ட் பேனைக் கீறலுக்கு ஸ்பிரிட் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். கடின வார்னிஷில் அது சரி. பிரெஞ்சு பொலிஷில் மையோடு பொலிஷும் கரைந்துவிடும். முதலில் சொன்ன சோதனை எதற்கு என்று இப்போது விளங்குகிறதல்லவா?

மெழுகுதிரி உருகி ஊற்றியிருந்தால் கத்தியைத் தேடாதீர்கள். 2022ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் எத்தனை வீட்டு மேசைகள் இதற்கு ஆளாயின! பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு மெழுகின் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். மெழுகு இறுகி நொறுங்கும்போது பழைய தொலைபேசி அட்டை, வங்கி அட்டை போன்ற ஒன்றின் ஓரத்தால் தள்ளினால் கழன்றுவிடும்.

வாசனைப் போத்தல் செய்யும் வேலை

இதைத் தனியாகச் சொல்லக் காரணமுண்டு. விசிறும் வாசனைத் திரவியங்களில் பெரும்பகுதி அற்ககோல். பிரெஞ்சு பொலிஷைக் கரைப்பதும் அதேதான். போத்தலின் அடியில் வழிந்த ஒரு துளி, ஓர் இரவில் பொலிஷை உருக்கி மரத்தை நிர்வாணமாக்கிவிடும். 2020இல் கொரோனா வந்தபோது வாசல் மேசையில் வைத்த கை சுத்திகரிப்புத் திரவமும் பல வீடுகளில் இதே அடையாளத்தைப் பதித்தது. நகப்பூச்சு நீக்கும் திரவம் இன்னும் மோசம், லக்கரையும் விடாது. இவை கறைகள் அல்ல, காயங்கள். துடைத்துப் போகாது, அந்த இடத்துக்குப் புதிதாகப் பொலிஷ் ஏற்றத்தான் வேண்டும். விழுந்த கணத்தில் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இளகிய பொலிஷ் இழுபட்டுக் காயம் பெரிதாகும். எண்ணெயில் செய்த அத்தர் இவ்வளவு கொடுமை செய்யாது. ஆனாலும் பூச்சு தேய்ந்த மரத்தில் எண்ணெய்க் கறையாக ஊறும். குட்டிக்கூரா மாவைத் தூவி ஓர் இரவு விட்டால் ஓரளவு உறிஞ்சி எடுக்கும். போத்தல்களை ஒரு பீங்கான் தட்டில் வைத்துவிடுங்கள்.

மேசையைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் சந்தேகத்துக்குரியதுதான். பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்க்கும் இரசாயனம் மெல்ல மெல்ல பொலிஷுக்குள் இறங்கி அதை இளக்கும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் விரிப்பைத் தூக்கும்போது பூவேலைப்பாடு மேசையில் ஒட்டியிருக்கும். கீழே சிக்கிய ஈரம் உலரவும் வழியில்லை. இடையில் ஒரு பருத்தி விரிப்புப் போட்டால் இந்தத் தொல்லை தீரும். ரைஹால் பலகையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைப்பவர்களும் சீலை உறைக்கு மாறலாம்.

குசினி மரம்

வெட்டுப் பலகை, திருவலை, உரல், அகப்பை இவற்றில் பொலிஷ் கிடையாது, கூடவும் கூடாது. ஆகவே வைத்தியமும் எளிது. கல்லுப்பைத் தூவி, பாதி வெட்டிய தேசிக்காயால் மரக்கோட்டின் வழியே தேய்த்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவி, நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஈரத்திலேயே கிடந்து கறுக்கும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பான் இறைச்சி வெட்டிய பலகையை எடுத்தவுடன் சுடுநீரில் போடுவது பலரின் வழக்கம். இரத்தக்கறை சூடு பட்டால் இறுகிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு உப்பு, அதன் பிறகே சவர்க்காரமும் சுடுநீரும். கத்தி ஆழமாக உழுத பலகையில் கறையைவிடக் கிருமிதான் பெரிய விஷயம். அதைச் சீவிக் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

மழைக்காலமும் வெள்ளமும்

அலுமாரியின் முதுகில் வரும் கறுப்புப் புள்ளி பூஞ்சணம். இது இரும்பாலும் டனினாலும் வருவதல்ல, உயிருள்ளது. சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் காற்று ஓடாததால் வருகிறது. உலர்ந்த துணியால் தட்டினால் அதன் வித்துக்கள் வீடெல்லாம் பறக்கும். வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே எறிந்துவிட்டு, அலுமாரியை வெளியே இழுத்து உலர விடுங்கள். திரும்ப வைக்கும்போது சுவரிலிருந்து நான்கு விரலாவது இடைவெளி இருக்கட்டும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தையும் சிலர் பாவிப்பதுண்டு. அதை வினாகிரியோடோ, கழிவறை கழுவும் அமிலத்தோடோ கலந்துவிடாதீர்கள். மூடிய அறைக்குள் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும்.

2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்த கிழக்குக் கரை வீடுகளும், 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது நீரில் நின்ற கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதி வீடுகளும் மரச்சாமான்கள் என்ன பாடுபடும் என்பதைக் கண்டவை. வெள்ளம் வடிந்ததும் எல்லாவற்றையும் வெயிலில் தூக்கிப் போடத் தோன்றும். அது தவறு. வேகமாக உலரும் மரம் வெடிக்கும், முறுகும். சேற்றைக் காயவிடாமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடல்நீர் பட்டதானால் உப்புப் போகும் மட்டும் பல தடவை கழுவுங்கள். லாச்சிகளைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டு, நிழலில், காற்றோட்டத்தில், வாரக்கணக்கில் பொறுமையாக உலரவிடுங்கள். வீங்கி மாட்டிக்கொண்ட லாச்சியை முன்னால் இழுத்து உடைக்காமல், பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ளுங்கள். பொலிஷ் முழுவதும் வெளுத்து நின்றாலும் கவலைப்படாதீர்கள். மரம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் எது கறை, எது ஈரம் என்று தெரியும்.

எண்ணெய் பூசுவது பற்றி

கறை போன இடம் மங்கலாக இருக்கிறதென்று தேங்காய் எண்ணெய் தேய்ப்பது நம் வீடுகளின் பழக்கம். அன்றைக்கு மினுங்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகும் எண்ணெய் அல்ல. பிசுபிசுப்பாக நின்று தூசியைச் சேர்க்கும், நாளாக ஆக மணக்கவும் தொடங்கும். தச்சர்கள் பாவிக்கும் லின்சீட் எண்ணெய் காய்ந்து இறுகும் வகை. மிக மெல்லியதாகப் பூசி, கால் மணித்தியாலத்தில் மீதியைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த சீலைகளை உருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகிறது. சுருட்டிய சீலைக்குள் அந்தச் சூடு சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். தண்ணீர் வாளியில் நனைத்துவிடுங்கள், அல்லது வெளியில் கொடியில் விரித்துக் காயப்போட்ட பின் எறியுங்கள். வீட்டு ஆண்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

கடைசியில் தச்சு பாஸைக் கூப்பிட வேண்டி வந்தால், வேலையை அவர் கையில் விட்டுவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். பழைய பிரெஞ்சு பொலிஷை நீக்காமல் அதன் மேலேயே லக்கர் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சில மாதத்தில் அது பாளம் பாளமாகக் கழன்று வரும். என்ன பூசப் போகிறார், பழையதை எப்படி நீக்கப் போகிறார், கறுப்புக் கறையை வெளுக்கப் போகிறாரா அல்லது கடும் நிறம் அடித்து மறைக்கப் போகிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். சிலிக்கோன் கலந்த பளபளப்பு ஸ்பிரே அடித்து வந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அதன் மேல் புதுப் பொலிஷ் ஒட்டாமல் கண் கண்ணாக விலகி நிற்கும். வேலை முடிந்ததும், பூசிய பொலிஷின் பெயரையும் திகதியையும் ஒரு சிறு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை மேசைக்கு அடியில் போய் ஸ்பிரிட் சோதனை செய்யும் வேலை மிச்சம்.